சைக்கிள் ஃபிரேமில் சின்ன பெட்ரோல் இன்ஜின்: அசையாமல் பொருத்துவது பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா முழுக்க சமதரை. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பாபநாசம் பக்கம் எங்கே பார்த்தாலும் பெரிய ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலத்துக்கு ஏறுகிற சரிவுதான். இந்த ஊர்களில் ஒரு குதிரைத் திறன் இன்ஜின்கூட சைக்கிளை நன்றாகவே இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. இன்ஜினை ஓடவைக்கப் பலருக்கும் தெரிந்துவிடுகிறது. அதை ஃபிரேமில் உட்காரவைப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஆகவே இங்கே இருக்கும் பதில்களில் பெரும்பகுதி கிளாம்ப், போல்ட், செயின் பற்றியே.

இது சட்டப்படி சரியா?

இதை முடிவு செய்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(28) படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான ஒரு வண்டியில் இன்ஜின் கொள்ளளவு 25 சிசிக்கு மிகாமல் இருந்தால் அது 'மோட்டார் வாகனம்' என்ற கணக்கில் வராது. 25ஐத் தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். வீட்டில் மாற்றிய சைக்கிளுக்கு வகை ஒப்புதல் (ஒரு மாடலைச் சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் அனுமதி) கிடையாது என்பதால் அதைப் பதிவு செய்யவும் வழியில்லை.

சைக்கிளில் மாட்டவென்று இணையத்தில் விற்கிற இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் கிட்டுகள் 48 சிசி அல்லது '80 சிசி'. அந்த 80 வெறும் பெயர். 47 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 38 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) வைத்துக் கணக்குப் போட்டால் 66 சிசிதான் வரும். எப்படிப் பார்த்தாலும் 25க்கு மேல். அதைச் சொந்தத் தோப்பிலோ பண்ணைக்குள்ளேயோ ஓட்டலாம், பொதுச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் ஒருவர்மீது மோதினால் இழப்பீட்டை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். பள்ளிக்கூடப் பையனிடம் கொடுத்தால் 2019இல் சேர்த்த பிரிவு 199ஏ பெற்றோர் மேல் பாயும்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

சரி, 25 சிசிக்குள் என்ன இன்ஜின் கிடைக்கும்?

புல்வெட்டும் மெஷினில் வருகிற இன்ஜின்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஹோண்டா ஜிஎக்ஸ்25 நான்கு ஸ்ட்ரோக், 35 மி.மீ. போர், 26 மி.மீ. ஸ்ட்ரோக், நிறுவனம் கொடுக்கும் கொள்ளளவு 25.0 சிசி. எடை சுமார் 3 கிலோதான். '25 சிசி' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மற்ற இன்ஜின்களை வாங்குமுன் போரும் ஸ்ட்ரோக்கும் கேளுங்கள். 34க்கு 28 என்றால் அது 25.4 சிசி. மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரில் பெரும்பாலும் 26 சிசி ரகம் வருகிறது. வித்தியாசம் அரை சிசியோ ஒரு சிசியோதான், ஆனாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

டிவிஎஸ் 50 இன்ஜினைக் கழற்றி மாட்டலாமா?

வேண்டாம். அது மொபெட்டுக்கென்று செய்த ஃபிரேமில் உட்கார வேண்டிய இன்ஜின். ஆர்.சி. உள்ள பழைய மொபெட் கையில் இருந்தால் அதையே சரிசெய்து ஓட்டுங்கள்.

க்ரூசர் சைக்கிள்தான் வேண்டுமா? நம் ஊர் 28 இன்ச் சைக்கிளில் முடியாதா?

இரண்டிலும் முடியும். க்ரூசர் என்பது 1930களில் அமெரிக்காவில் ஷ்வின் கம்பெனி பருத்த டயரோடு கொண்டுவந்த ரகத்தின் வாரிசு. தாழ்ந்த நீளமான ஃபிரேம், 26 இன்ச் சக்கரம், 2.125 இன்ச் டயர். அந்த வகை ஃபிரேமில் இன்ஜின் மாட்டுவதும் பழைய வழக்கம்தான். லாஸ் ஏஞ்சலஸில் 1939இல் வந்த 'விஸ்ஸர்' கிட் அப்படித்தான் பிரபலமானது. ஃபிரேமின் நடு முக்கோணத்தில் இடம் தாராளம், கனம் கீழே நிற்கும், பருத்த டயர் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும்.

நம் ஊர் கறுப்பு சைக்கிளுக்கு வேறு பலம் உண்டு. குழாய் மூட்டுகளில் லக் என்ற உறை வைத்துப் பித்தளை ஒட்டுப் போட்ட இரும்பு ஃபிரேம் அது, நெல் மூட்டை சுமந்து பழகியது. டயர் ஒல்லி என்பதால் இடது பக்கம் ஓடும் இன்ஜின் செயின் உரசாது. க்ரூசரின் பருத்த டயரில் இந்த உரசல்தான் பெரிய தலைவலி. ஆனால் கறுப்பு சைக்கிளின் பின்சக்கரத்தில் வழக்கமாக 40 கம்பி (ஸ்போக்) இருக்கும். கிட்டோடு வரும் பல்சக்கரம் ஒன்பது போல்ட்டில், 36 கம்பிச் சக்கரத்துக்கு அளவெடுத்தது. ஒரு பக்கம் 18 கம்பி என்றால் இரண்டிரண்டாக ஒன்பது ஜோடி சரியாக விழும். 20 கம்பி என்றால் விழாது. பட்டறையில் இதைக் கவனிக்காமல் கம்பியை நெம்பி வளைத்து மாட்டிவிடுகிறார்கள், அப்புறம் ஒவ்வொன்றாக அறுந்து வருகிறது. 40 கம்பிச் சக்கரத்துக்கு, ஹப்பையே பிடிக்கிற இரண்டு பாதி கிளாம்ப் ஒன்றை லேத்தில் கடைந்து அதன்மேல் பல்சக்கரத்தை மாட்டுவதே முறை.

எந்தச் சைக்கிளானாலும் இரும்பு ஃபிரேமாக இருக்கட்டும். காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். அலுமினிய ஃபிரேமின் குழாய் பருத்து, சுவர் மெலிந்து இருக்கும். கிளாம்ப் இறுக்கினால் நசுங்கும், தொடர் அதிர்வில் வெளியே தெரியாமல் விரிசல் ஓடும்.

முடுக்கி மாட்டியும் இன்ஜின் ஏன் தளர்கிறது?

எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி இது. இன்ஜின்மேல் இரண்டு விசை வேலை செய்கிறது.

முதலாவது அதிர்வு. நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 75 முறை உதறுகிறது. ஒவ்வொரு உதறலும் நட்டைத் தளர்த்தப் பார்க்கும்.

இரண்டாவது செயின் இழுப்பு. இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. 66 சிசி கிட்டில் இன்ஜின் தருவது 3 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் பல்லிணை அதை 4.1 மடங்காக்குகிறது. அது 10 பல் உள்ள சின்னச் சக்கரத்தின் வழியாக செயினுக்கு வரும்போது சுமார் 60 கிலோ எடை தொங்குகிற அளவு இழுப்பு. அதுவும் இடது பக்கத்தில் மட்டும். ஆகவே பாலம் ஏறும்போதெல்லாம் இன்ஜினின் இடது புறம் பின்னால் திரும்பப் பார்க்கிறது. கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் இன்ஜின் அந்த அளவுக்கு அசையும். அசைய ஆரம்பித்தால் ஸ்டட் (இன்ஜினில் கிளாம்பைப் பிடிக்கும், தலையில்லாத போல்ட்) வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, ஒரு நாள் வேரோடு முறியும். மிச்சம் இன்ஜினின் அலுமினிய உடலுக்குள் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே இன்ஜினும் ஃபிரேமும் நடுவில் எந்த நெகிழ்வும் இல்லாமல் ஒரே உடம்பாக நிற்க வேண்டும். இனி வரும் பதில்கள் எல்லாம் இதற்குத்தான்.

அதிர்வைக் குறைக்க நடுவில் ரப்பர் வைக்கச் சொல்கிறார்களே?

காரிலும் மோட்டார் சைக்கிளிலும் ரப்பர் வைக்கிறார்கள், உண்மைதான். அங்கே ரப்பர் எவ்வளவு அமுங்கும், எந்தப் பக்கம் அசையும் என்று கணக்குப் போட்டு வடிவமைத்திருக்கிறார்கள். நாம் வைப்பது பழைய டியூபை வெட்டிய துண்டு. அது அமுங்கும், சூட்டில் இளகும், எண்ணெய் பட்டால் ஊதும். இன்று முடுக்கிய நட்டு நாளைக்கு லூஸ். செயின் இழுப்பு வேறு இன்ஜினைக் கோணலாக்கும்.

இரும்போடு இரும்பு உட்காரட்டும். கைக்கு அதிர்வு வராமலிருக்க ஹேண்டில்பாரில் தடித்த பிடி, சீட்டுக்கு நல்ல ஸ்பிரிங், டேங்குக்கு அடியில் ரப்பர்: இதெல்லாம் செய்யலாம்.

குழாயின் அளவை எப்படிப் பார்ப்பது? கிளாம்ப் பொருந்தவில்லை என்றால்?

வெர்னியர் இல்லையென்றால் ஒரு நூலைக் குழாயைச் சுற்றி ஒரு சுற்று எடுத்து, அந்த நீளத்தை 3.14ஆல் வகுங்கள். நூல் 90 மி.மீ. வந்தால் குழாய் 28.6 மி.மீ., அதாவது ஒன்றேகால் இன்சுக்கு அரைக்கால் இன்ச் குறைவு. 80 மி.மீ. வந்தால் ஒரு இன்ச் குழாய். கிட் இன்ஜின்களின் பிடி 28.6ஐ ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கிறது.

குழாய் ஒரு இன்ச்தான் என்றால் விட்டத்தில் 3.2 மி.மீ. குறைகிறது, பக்கத்துக்கு 1.6. 16 கேஜ் தகட்டின் கனம் சரியாக 1.6 மி.மீ. அந்தத் தகட்டை உருட்டி, இரண்டு பாதி உறையாக வெட்டிப் போட்டால் கச்சிதமாக நிற்கும். பெயிண்ட், ஸ்டிக்கர் எதுவும் கிளாம்புக்கு அடியில் இருக்கக் கூடாது. சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிசாகப் பிரைமர் அடித்து, காய்ந்தபின் மாட்டுங்கள். பெயிண்ட் மேலேயே மாட்டினால் அது நசுங்கி நசுங்கி இறுக்கம் போய்விடும்.

குழாய் பெரிதாக இருக்கிறது, கிளாம்ப் மூடவே இல்லை என்பதுதான் க்ரூசரில் அடிக்கடி வரும் சிக்கல். அதற்குக் கிட்டிலேயே ஒரு நீள போல்ட்டும் பட்டையும் கொடுத்து, கீழ்க் குழாயில் ஓட்டை போட்டு மாட்டச் சொல்வார்கள். தயவுசெய்து போடாதீர்கள். முன் ஃபோர்க்கிலிருந்து வரும் அடியில் பெரும்பகுதி அந்தக் குழாய் வழியாகத்தான் இறங்குகிறது. அதன் நடுவில் ஓட்டை போட்டால், விரிசல் அந்த விளிம்பிலிருந்துதான் கிளம்பும். அது அறுந்தால் முன்சக்கரம் தனியாக மடங்கும், ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். அந்தக் குழாயின் அளவுக்கே இரண்டு பாதி கிளாம்ப் கடைந்து, 5 மி.மீ. பட்டையால் இன்ஜினோடு இணைப்பதுதான் வழி.

லேத் பட்டறையில் என்னவென்று சொல்லிக் கேட்பது?

படம் வரைந்து, குழாயின் ஒரு துண்டையோ ஃபிரேமையோ கொண்டுபோய்க் காட்டுங்கள். "அண்ணே, இந்தக் குழாயைப் பிடிக்கிற மாதிரி இரண்டு பாதி பிளாக் வேணும். நீளம் 40 மில்லி. முதல்ல முழுசா துளை போட்டுட்டு அப்புறம் நடுவுல அறுத்துடுங்க" என்று சொன்னால் டர்னருக்குப் புரிந்துவிடும். துளைத்தபின் அறுத்தால் வாள் தின்ற இடம் 1 முதல் 2 மி.மீ. இடைவெளியாக நிற்கும். அந்த இடைவெளி வேண்டும். முடுக்கி முடித்த பிறகும் இரண்டு பாதியும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால்தான் பிடி குழாயின்மேல் இருக்கிறது என்று பொருள். தொட்டுவிட்டால் நீங்கள் முடுக்குவது பிளாக்கோடு பிளாக்கைத்தான்.

25 சிசி புல்வெட்டி இன்ஜினுக்குச் சைக்கிள் குழாயைப் பிடிக்கும் பிடி ஏதும் கிடையாது. அதற்கு சீட் குழாயில் ஒரு பிளாக், கீழ்க் குழாயில் ஒரு பிளாக், இரண்டையும் சேர்த்து 4 அல்லது 5 மி.மீ. கனத் தட்டு ஒன்று. இன்ஜின் தட்டில் உட்காரும். வேகத்தைக் குறைக்கும் கியரும் அதே தட்டில் இருக்கட்டும். தனித்தனியாக மாட்டினால் நடுவில் ஓடும் செயின் இரண்டையும் இழுத்துக் கோணலாக்கும்.

பேசாமல் ஃபிரேமிலேயே வெல்டிங் வைத்துவிட்டால்?

கேட் செய்கிற பட்டறையில் ஆர்க் வெல்டிங் வைத்தால் சைக்கிள் குழாயின் மெல்லிய சுவர் பொத்துப்போகும். பொத்துப்போகாவிட்டாலும் வெல்டை ஒட்டிய இடம் அதிர்வில் விரிசல் விடும். பக்கத்தில் இருக்கும் லக்கின் பித்தளை ஒட்டும் சூட்டில் இளகலாம். கிளாம்ப் தப்பாகிப் போனால் கழற்றி மாற்றலாம், வெல்டை மாற்ற முடியாது.

ஸ்டட், நட்டு என்ன அளவில் போட வேண்டும்?

கிட்டோடு வரும் 6 மி.மீ. ஸ்டட்டை நம்ப வேண்டாம். 8.8 என்று குறித்த ஹைடென்சில் ஸ்டட் வாங்குங்கள். உடலில் இடமிருந்தால் 8 மி.மீ.க்குத் துளைத்து டாப் போடுவது (மரை வெட்டுவது) இன்னும் நல்லது. டாப் போடும் வேலையை டர்னரிடம் விடுங்கள், சாய்ந்து போனால் மொத்த உடலும் வீண். அலுமினியத்துக்குள் மரை, ஸ்டட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் பிடிக்க வேண்டும். 6 மி.மீ. என்றால் 9 முதல் 12 மி.மீ.

ஸ்டட்டின் உள் மரையில் மரை தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட் 243 இரண்டு சொட்டு. வெளியே தட்டையான வாஷர், அதன்மேல் பூட்டு நட்டு. சைலன்சர் பக்கம் நைலான் நட்டு வேண்டாம், சூட்டில் நைலான் உருகிப் பிடி விடும். அங்கே முழு இரும்புப் பூட்டு நட்டு. 6 மி.மீ. 8.8 ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாதீர்கள். முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லையென்றால் குட்டை ஸ்பேனரை எடுங்கள். நீள ஸ்பேனரில் குழாய் செருகி முடுக்குவதால்தான் பாதி மரை போகிறது.

மாட்டும்போது எதை முதலில் செய்வது?

பின்சக்கரத்தில் பல்சக்கரத்தை மாட்டி, சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைவு ஒரு மில்லிமீட்டருக்குள் வரும்வரை சரிசெய்யுங்கள். இது நேராகாமல் இன்ஜினைத் தூக்கவே கூடாது.

அப்புறம் இன்ஜினை முக்கோணத்துக்குள் வைத்து, சீட் குழாய்ப் பக்கம் லேசாகப் பிடிக்கவிட்டு, முன்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பிடி முழுசாகக் குழாயில் படிகிறதா, விளிம்பில் மட்டும் முட்டுகிறதா? விளிம்பில் முட்டினால் இன்ஜினை மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். சீட் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் நடுவிலுள்ள கோணம் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். எங்கே வைத்தாலும் படியவில்லை என்றால் இடைப்பட்டை செய்தாக வேண்டும். "முடுக்கினால் தானாக வந்து உட்கார்ந்துவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படி உட்காரவைத்த ஸ்டட் முதல் நாளே பாதி பலத்தை இழந்துவிடுகிறது.

பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இன்ஜின் உறைக்கும் பெடல் தண்டுக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும். பின்பு செயினை மாட்டி, இரண்டு பல்சக்கரத்தின் முகத்திலும் நேரான பட்டை ஒன்றை வைத்துக் கோடு பாருங்கள். எல்லாம் சரி என்றால் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

செயின் எவ்வளவு தொய்வு இருக்கலாம்?

நடுவில் விரலால் அழுத்தினால் 12 முதல் 20 மி.மீ. செயினை இழுத்துப் பிடிக்கும் உருளையைக் கிட்டில் பின் குழாயில் ஒற்றைக் கிளாம்பில் மாட்டச் சொல்வார்கள். அந்தக் கிளாம்ப் வழுக்கிச் சுற்றினால் உருளை நேராகக் கம்பிகளுக்குள் போகும், பின்சக்கரம் அந்த நொடியே நின்றுவிடும். இந்த வண்டிகளில் மோசமான விபத்துக்கு இது ஒரு காரணம். செயின் நீளத்தைக் கண்ணி கழற்றிச் சரிசெய்து, பின் அச்சை நகர்த்தியே தொய்வை எடுக்கப் பாருங்கள். உருளை இல்லாமல் முடியவே முடியாது என்றால், அது சுற்றாதபடி அச்சு நட்டிலிருந்து ஒரு பட்டை கொடுத்துக் கட்டுங்கள்.

பிரேக் போதுமா?

66 சிசி கிட்டில் 4.1 மடங்கு உள் பல்லிணையும் பின்னால் 44 பல் உள்ள பல்சக்கரமும் சேர்ந்தால், 28 இன்ச் சைக்கிள் 4,500 சுற்றில் 33 கிலோமீட்டர் வேகம் போகும். கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டை மழையில் நனைந்த குரோம் ரிம்மில் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இதை நம்பி ஓட்டக் கூடாது. க்ரூசரில் பெடலைப் பின்னால் மிதிக்கிற பிரேக் மட்டும் இருந்தால், பெடல் செயின் கழன்றால் பிரேக்கும் இல்லை. முன்னால் டிரம்மோ டிஸ்க்கோ ஒன்று அவசியம். திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நகர்கிற எதற்கும் நிற்கிற வழியை முதலில் பார்க்க வேண்டும். ஹெல்மெட், சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

மாட்டியபின் எப்போதெல்லாம் முடுக்கிப் பார்ப்பது?

முதல் ஓட்டம் பத்து நிமிடம் போதும். ஆறவிட்டு எல்லா நட்டையும் பாருங்கள். முதல் வாரம் தினமும், அப்புறம் வாரம் ஒரு தடவை. ஒவ்வொரு நட்டிலிருந்து கிளாம்ப் வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவைத்தால், கோடு உடைந்திருப்பதை வைத்தே தளர்ந்த நட்டு தெரியும். கிளாம்ப் ஓரத்தில் துருநிறப் பொடி படிந்திருந்தால் அங்கே இரும்பு அசைந்து தேய்கிறது என்று அர்த்தம். உடனே கழற்றிப் பாருங்கள்.

தை, மாசியில் தனிக் கவனம் வேண்டும். சம்பா அறுவடை முடிந்து சாலையெங்கும் வைக்கோல் கிடக்கும். அது செயினில் சுற்றும், சைலன்சரில் ஒட்டினால் புகைய ஆரம்பிக்கும். செயினுக்குக் கவரும், பெட்ரோல் குழாய் சைலன்சரிலிருந்து ஒரு சாண் தள்ளியும் இருக்கட்டும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் அலுமினிய உடலில் இரும்பு ஸ்டட் அரித்துப் பிடித்துக்கொள்ளும். அங்கே உள்ளவர்கள் வெளியே தெரியும் மரையில் கிரீஸ் தடவிவிடுங்கள்.

அப்பாவுக்கு வயது 70. வயலுக்குப் போய்வர இது ஆகுமா?

அவருக்கு பேட்டரி சைக்கிள் பாருங்கள். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருந்தால், ஒப்புதல் பெற்ற மாடலுக்குப் பதிவு தேவையில்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் சிரமம் இல்லை, சூட்டில் கால் சுடாது.

செகண்ட்ஸில் கிட் கிடைக்கிறது, வாங்கலாமா?

இன்ஜின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் நான்கு ஸ்டட் துளைகளையும் பாருங்கள். ஸ்டட்டைக் கையால் திருகி உள்ளே விடுங்கள். ஆட்டம் இருந்தால் மரை போயிருக்கிறது. ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போட்டு மீட்கலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். துளையைச் சுற்றி அலுமினியத்தில் விரிசல் கோடு தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.